கிழக்கு மேட்டின் பிளாட்டினம்

பிப்ரவரி 11

மச்சான்,

அன்றைக்கு நீ போனை வைத்தாயா உடைத்தாயா என்று உன் தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதமே அவள் ஏற்பாடுதான். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதுங்க. எழுதும்போது ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் குறுக்க வர முடியாது" என்று சொல்லி, காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்காத நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். பல் டாக்டர் வேறு எப்படிப் பார்ப்பாள்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் சண்டை போடும்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. பூமி உருவான புதிதில் பிளாட்டினம் போன்ற உலோகங்கள் இரும்போடு சேர்ந்து பூமியின் நடுக்கருவுக்குள் இறங்கிவிட்டன. அப்புறம் மேலே விழுந்த விண்கற்கள் இன்னும் கொஞ்சம் பிளாட்டினத்தைத் தூவிவிட்டுப் போயின. மேலோட்டுக்குக் கீழே இருக்கிற தடித்த கவசத்துக்குள் அந்தத் தூவல் அடிவரைக்கும் கலந்து இறங்க ரொம்பக் காலம் பிடித்தது என்பது நம் கட்சி. அப்படியானால் முந்நூற்றைம்பது கோடி ஆண்டுக்கு முன்னால் ஆழத்திலிருந்து பொங்கி வந்த கிழக்கு மேட்டு எரிமலைப் பாறையில், அந்த பசால்ட்டில், பிளாட்டினம் குறைவாக இருக்க வேண்டும். எண்பது கோடி ஆண்டு கழித்து வந்த மேற்கு மேட்டு பசால்ட்டில் நிறைய இருக்க வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு முன் நாலைந்து கல்லை வைத்துக்கொண்டு நாம் இதை ஊரறியச் சொன்னோம். நம் கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர், இன்னும் கற்கள் வேண்டும் என்றார். நீ போய் எடுத்து அனுப்பினாய்.

மேற்கு மேட்டுக் கற்களில் சொன்னபடி நிறைய இருக்கிறது. கிழக்கு மேட்டின் பதினேழு பையில் முதல் நாலு சொன்னபடி ஏழைகள். ஐந்தாவது பையிலிருந்து கடைசி வரை எல்லாரும் திடீர்ப் பணக்காரர்கள். அதுவும் ஒழுங்காக இல்லை. ஒன்றில் நூறு கோடியில் ஒன்பது பங்கு, அடுத்ததில் முப்பது, அதற்கடுத்ததில் பதினான்கு. கீழே கிடந்த கல்லும் மேலே கிடந்த கல்லும் ஒரே லாவா ஓட்டம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இதற்கு நான் என்ன நினைப்பேன் சொல். ஐந்தாவது பையிலிருந்து மேற்கு மேட்டுக் கல்லைக் கிழக்கு மேடு என்று எழுதிவிட்டாய். ரெண்டு மேட்டுச் சாக்குகளும் ஒரே கூடாரத்தில்தான் கிடந்தன. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அதைத்தான் போனில் கேட்டேன். "நடந்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மதிப்பீட்டாளருக்கு ஏப்ரல் கடைசிக்குள் பதில் போட வேண்டும். அந்தப் பதின்மூன்று பைகளை நம்புவதா, மொத்தமாகத் தள்ளிவிடுவதா? நீ சொல்லாமல் நான் எதுவும் செய்ய முடியாது.

கோபத்தை லாரியில் ஏற்றி அனுப்பாதே, பதிலை அனுப்பு.

குடுவை


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய வேதியியல் நிபுணர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சாமான் லாரி டிரைவர் அதைக் கையில் கொடுக்கும்போது "நல்ல சேதியா சார்?" என்று கேட்டார். "சொந்தக்காரர் எழுதியிருக்கார்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தாங்கள் குளிர்பதன அறையில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கற்பொடி ஆறும் வரைக்கும் டீ குடித்துக்கொண்டிருக்கிறவர். நான் காலையில் போட்ட சட்டை மதியத்துக்குள் உப்புப் பூத்துப்போகிற இடத்தில் இருக்கிறேன். பை மாறிவிட்டது என்று அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். இருபத்திரண்டு வருஷமாகக் கல் உடைக்கிறேன். ஒரு பை மாறியதில்லை. அது தங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரெண்டு மேட்டுச் சாக்குகளும் ஒரே கூடாரத்தில் கிடக்கவில்லை. மேற்கு மேட்டுச் சாக்குகள் டிசம்பரிலேயே தங்களிடம் வந்துவிட்டன. பெற்றுக்கொண்டதாகத் தாங்களே சொன்னீர்கள். இன்னொன்று. கார்னெட் என்று ஒரு கனிமம் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கிழக்கு மேட்டு லாவா ரொம்ப ஆழத்தில் உருகியது. உருகும்போது கார்னெட் உருகாமல் கீழேயே தங்கி, அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதனால் அந்த லாவாவில் டைட்டானியத்தோடு ஒப்பிட்டால் அலுமினியம் பாதிதான் இருக்கும். மேற்கு மேட்டில் அந்தக் குறை கிடையாது. பை மாறியிருந்தால் இதுவும் மாறியிருக்க வேண்டும். பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். மச்சானைத் திட்டுவது அதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை.

மெமரி கார்டு ஒன்று இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லும் எடுத்த இடத்தில், எடுப்பதற்கு முன், எண்ணோடு படம். கிழக்கு மேட்டில் அளவு அட்டை காற்றில் பறந்து பள்ளத்தில் போய்விட்டது. அதனால் அளவுக்குப் பாறை மேல் கையை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். கை யாருடையது என்று அதையும் சந்தேகப்பட வேண்டாம். படம் எடுக்கும்போது நில அளவையர் ஒருவர் கூடவே இருந்தார், சாட்சி வேண்டுமென்றால் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் நம்பிக்கை வரவில்லையென்றால் பதின்மூன்று பைகளையும் தள்ளிவிடு. கூடவே கட்டுரையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடு. நான் எடுத்த கல்லை நம்பாத கட்டுரையில் எனக்கு என்ன வேலை.

தங்கச்சியிடம் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
சுத்தியல்


மார்ச் 2

மச்சான்,

"தாங்கள்" என்று ஆரம்பித்து, கடைசியில் கோபம் முற்றி "தள்ளிவிடு" என்று முடித்திருக்கிறாய். அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கு மரியாதை கொடுக்கிற அளவுக்கு நீ ஒதுங்கிப்போய்விட்டாயோ என்று பயந்துவிட்டேன்.

நீ சொன்ன அலுமினியத்தைப் பார்த்தேன். பதினேழு பையும் கிழக்கு மேடுதான். அலுமினியம் பாதி, அட்சரம் பிசகவில்லை. படங்களில் எண்ணும் இடமும் சரியாக இருக்கின்றன. பை மாறவில்லை. இதைப் பார்க்காமல் உன்னைக் கேட்டது என் அவசரம், என் மடத்தனம். மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எழுதவில்லை, எழுதியதாக வைத்துக்கொள்.

ஆனால் இப்போது என் நிலைமை முன்னைவிட மோசம். பை மாறியிருந்தால் தப்பு உன்னோடு போயிருக்கும், மன்னித்து முடித்திருப்போம். மாறவில்லை என்றால் அந்தப் பிளாட்டினம் நிஜமாகவே கல்லில் இருக்கிறது. ரெண்டு வருஷமாக நாம் மேடை போட்டுச் சொன்னது தப்பு. கவசத்தின் ஆழத்துக்குத் தூவல் அப்போதே இறங்கிவிட்டது, நாலைந்து கல்லைப் பார்த்துவிட்டு நாம் வாயை விட்டோம் என்று ஆகும். உன் பெயரை எடுப்பதா என்று கேட்டாயே, என் பெயரை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

இதுவரை பிளாட்டினத்தை மட்டும்தான் அளந்திருக்கிறேன். அதன் கூடப்பிறந்த உலோகங்களை, இரிடியம், ருத்தீனியம், பல்லாடியத்தை எல்லாம் அளக்கத் தனிவேலை. அமிலத்தில் போட்டு, மூடி, சூடாக்கி, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மூன்று வாரமாவது ஆகும். ஆரம்பித்துவிட்டேன். ஆய்வகத்தில் எல்லாரும் என்னைக் கண்டால் வழிவிடுகிறார்கள், முகம் அப்படி இருக்கிறதாம்.

உன் தங்கை ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அந்த நில அளவையர் யார்? "சாட்சின்னு சொல்றதுக்கு அவ்வளவு பக்கத்துல நிக்க வேண்டிய வேலை என்ன?" என்கிறாள். நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள்.

குடுவை


மார்ச் 12

மாப்பிள்ளை,

எழுதாத மன்னிப்பு வந்து சேர்ந்தது. நானும் எழுதாமலே ஏற்றுக்கொண்டேன்.

கோபம் போன இடத்தில் இப்போது கவலை வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் முழுக்க நான் செய்த வேலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சுத்தியலின் இரும்பா? அதில் பிளாட்டினம் ஏது. பையின் துணியா? மேற்கு மேட்டுக்கும் அதே பைதான். கழுவிய தண்ணீரா? அதே ஓடைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. மேற்கு மேட்டிலிருந்து முழுக் கல்லாக அனுப்பினேன். நீங்கள் அங்கே மேல்தோலை அறுத்து, தேய்த்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டீர்கள். கிழக்கு மேட்டுக்கு வந்தபோது "எடையைக் குறை, லாரிக்காரர் அழுகிறார்" என்று நீ சொன்னாய். அதனால் மக்கிப்போன தோலை இங்கேயே உடைத்துத் தள்ளிவிட்டு, நல்ல சில்லுகளை மட்டும் ரெண்டு கையாலும் அள்ளிக் கழுவிப் பொறுக்கி அனுப்பினேன். ஆனால் முதல் நாலு பையும் அப்படித்தான் அனுப்பினேன். அவை சரியாக இருக்கின்றனவே. ஆகவே அதுவும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். நாம் சொன்னது தப்பு என்று கல் சொன்னால் அப்படியே எழுதிவிடு. என் முகத்தைப் பார்த்து எதையும் பூசி மெழுகாதே. நேற்றுக்கூட அந்தப் பாறை மேல் உட்கார்ந்து பார்த்தேன். லாவா சட்டென்று குளிர்ந்தபோது வளர்ந்த நீள நீளப் படிகங்கள், புல்லைக் கட்டுக் கட்டாகப் போட்ட மாதிரி கிடக்கின்றன. முந்நூற்றைம்பது கோடி வருஷம் கிடந்திருக்கிறது. நம் ரெண்டு பேர் மானத்துக்காக அது மாற்றிப் பேசாது. ஆனாலும் மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. எனக்கென்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு கட்டுரைதான் இருக்கிறது.

தங்கச்சி கேட்டதற்குப் பதில். மேட்டுக்கு அடியில் ரோடு போடப்போகிறார்கள், அதற்கு அளவெடுக்க வந்திருக்கிறார். அவ்வளவுதான். நல்ல மனுஷி. மட்டம் பார்ப்பதில் கெட்டிக்காரி, ஒரு விரல்கடை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து அளப்பார். சாயந்திரம் அவர் வண்டியில்தான் முகாமுக்குத் திரும்புகிறேன், என் ஜீப்பு ஜனவரியிலிருந்து படுத்துவிட்டது. அவ்வளவுதான்.

ஜீப்பைப் பற்றித் தங்கச்சியிடம் சொல்லாதே. பழுது பார்க்கவில்லையா என்று கேட்பாள்.

சுத்தியல்


மார்ச் 29

மச்சான்,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். பக்கத்தில் நில அளவையர் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்.

உலோகங்கள் எல்லாவற்றையும் அளந்து முடித்தேன். பிளாட்டினமும் அதன் கூடப்பிறந்தவர்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். விண்கல்லில் வந்தாலும் சேர்ந்து வருவார்கள், கவசத்தில் கலந்தாலும் சேர்ந்து கலப்பார்கள். ஆழத்தில் பிளாட்டினம் கூடியிருந்தால் இரிடியமும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. பதினேழு பையிலும் இரிடியம் நாம் சொன்னபடி பரம ஏழை. பல்லாடியமும் அப்படியே. அந்தப் பதின்மூன்று பையில் பிளாட்டினம் மட்டும் தனியாகப் பணக்காரனாகியிருக்கிறது, பக்கத்தில் ருத்தீனியம் லேசாக ஏறியிருக்கிறது. எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஒன்பது இருந்த பையானாலும் முப்பது இருந்த பையானாலும் கூடுதலாக வந்ததில் பத்தொன்பது பங்கு பிளாட்டினத்துக்கு ஒரு பங்கு ருத்தீனியம்.

பூமிக்குள் எந்த ஆழத்திலும் இந்தக் கணக்கு கிடையாது. ரெண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாவது நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது புத்தியில் தட்டியது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும் ஐந்தும். அது நகைக்கடைக் கணக்கு. பிளாட்டின நகைக்கு உறுதி வரவேண்டும் என்று கலக்கிற கலவை.

ஆய்வகத்தில் யார் நகை போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பார்த்தேன். இனி அந்தப் பெண்கள் என்னோடு பேசுவார்களா என்று தெரியாது. ஒருவரும் போடவில்லை, விதியே அதுதான். வீட்டுக்கு வந்து உன் படங்களைக் கணினியில் போட்டுக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தங்கை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள். "அண்ணன் கை எவ்வளவு கறுத்துப்போச்சு" என்றாள். அப்புறம் "நில்லுங்க, முந்தின படத்துக்குப் போங்க" என்றாள். நாலாவது பை, வெறும் கை. ஐந்தாவது பை, மோதிர விரலில் வெள்ளையாக ஒன்று மின்னுகிறது. ஆறாவது, ஏழாவது, கடைசி வரைக்கும்.

கல் மாறவில்லை மச்சான். நீ மாறியிருக்கிறாய். நாலாவது பைக்கும் ஐந்தாவது பைக்கும் நடுவில் எங்கேயோ உனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. அந்த மோதிரத்தோடு சில்லுகளை அள்ளிக் கழுவியிருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்ப்பு போதும், நாங்கள் அளப்பது அவ்வளவு கொஞ்சம். பை மாறவில்லை என்று நிரூபிக்க நீ அனுப்பிய படமே உன் குட்டை உடைத்துவிட்டது.

கல் தப்புச் சொல்லவில்லை. நாமும் தப்புச் சொல்லவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

உன் தங்கை "எனக்கு ஏன் சொல்லலை" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கொஞ்சம் அழுதாள். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "நல்லா இருக்குல்ல" என்றாள். உடனே எழுது. எனக்கில்லை, அவளுக்கு.

குடுவை

முக்கியமானதை விட்டுவிட்டேன். பிளாட்டின மோதிரம் என்றால் சும்மா இல்லையே. எப்படி வாங்கினாய்?


ஏப்ரல் 6

மாப்பிள்ளை,

நான் வாங்கவில்லை. அவள் வாங்கினாள். வெள்ளி என்று சொன்னாள்.

உன் கடிதத்தை முகாம் வாசலில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரச் சொன்ன வரி முதல் வரியாக இருந்தும் பயனில்லை. படித்து முடித்ததும் நேராகத் தராசு இருக்கிற கூடாரத்துக்குப் போய், மோதிரத்தைக் கழற்றி, நூலில் கட்டி, காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை நிறுத்தேன். தண்ணீரைப்போல் இருபது மடங்குக்கு மேல் கனம். வெள்ளி அதில் பாதிதான் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தே எந்தக் கல் என்று சொல்கிறவன் நான். மூன்று மாதமாக என் விரலில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது பை எடுத்த இடத்தில்தான் நடந்தது. அந்தப் புல்கட்டுப் பாறை மேல் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அளவுக் கருவிப் பெட்டியைத் திறந்து, லென்ஸ் துடைக்கிற துணிக்குள்ளிருந்து எடுத்தாள். "இது வெள்ளிதான், பயப்படாதீங்க" என்றாள். விலை உயர்ந்தது எதுவும் எனக்கு வேண்டாம், கல் உடைக்கிறவன் கையில் எதுவும் தங்காது என்று முன்பு எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன். மோதிரம் கச்சிதமாக நுழைந்தது. என் விரல் அளவை எப்போது எடுத்தாய் என்று கேட்டேன். அது தன் தொழில் என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வண்டியில் ஏறியதும் உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு முழுக்கப் படித்தாள். பத்தொன்பதுக்கு ஒன்று என்ற இடத்தில் அவள் காது சிவந்துபோயிற்று. "கல் உடைக்கிறவருக்கு வெள்ளி தேஞ்சு போயிடும்னு கடைக்காரர் சொன்னார். தேயாததா ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன்" என்றாள். தேயாது என்று வாங்கியதுதான் தேய்ந்து தேய்ந்து உன் இயந்திரத்துக்குள் போயிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருத்தி இவ்வளவு பெரிதாக நினைத்திருக்கிறாள் என்பதை உன் ஆய்வகம் அளந்து சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தங்கச்சிக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு. தங்கச்சி, ரெண்டு தடவை எனக்கு நிச்சயமாகி நின்றுபோனது. ரெண்டு தடவையும் நீதான் ஓடியாடிச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னாய். ரெண்டு தடவையும் நீதான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இல்லை என்று சொன்னாய். ரெண்டாவது தடவை போனை வைத்துவிட்டு அடுக்களையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது முறை உன்னை அப்படி நிற்க வைக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. நிலைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இது நிலைக்கும்மா. பயப்படாமல் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பதின்மூன்று இடத்திலும் மறுபடி கல் எடுத்துவிட்டேன். மோதிரத்தை அவள் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு காற்று வீசாத பக்கமாகத் தள்ளி நின்றாள். "இவ்வளவு தூரம் போதுமா, இன்னும் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த முறை சில்லாக இல்லை, முழுக் கல். லாரிக்காரர் அழுதால் அழட்டும்.

சுத்தியல்


ஏப்ரல் 27

மச்சான்,

முதலில் கல்லைப் பற்றி. ராத்திரி பகலாக உட்கார்ந்து பதின்மூன்றையும் ரெண்டே வாரத்தில் முடித்துவிட்டேன். பிளாட்டினம் நூறு கோடியில் மூன்று நான்கு பங்குக்கு மேல் ஒன்றில்கூட இல்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் அதற்கேற்ற ஏழ்மையில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். வரைபடத்தில் கிழக்கு மேட்டுப் புள்ளிகள் அத்தனையும் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. இவ்வளவு அழகான வறுமையை நான் பார்த்ததில்லை. மேலே விழுந்த தூவல், அந்த லாவா எழும்பிய ஆழத்துக்கு அப்போது போய்ச் சேரவில்லை. நம் கட்சி ஜெயித்துவிட்டது. மதிப்பீட்டாளருக்கு நேற்றுப் பதில் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாயந்திரம் நாலு மணிக்கு, கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். உடம்புக்கு என்னவோ என்று உன் தங்கை தொட்டுப் பார்த்தாள்.

நீ டவுனுக்குப் போய் உன் தங்கையோடு போனில் பேசியதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஒரு மணி நேரம் பேசினீர்கள், ரெண்டு பேரும் கத்தவில்லை, என்னைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவள் அளவையரோடு வேறு ஒரு மணி நேரம். இப்போது என் வீட்டில் நான் எந்த ஜன்னலைத் திறந்து வைத்தாலும் "கொஞ்சம் கோணலா இருக்கு, அவங்க வந்தா சொல்வாங்க" என்கிறாள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பதின்மூன்று மாதிரிகளை விலக்கினால் ஏன் விலக்கினோம் என்று கட்டுரையில் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லாமல் தள்ளினால் பிடிக்காததை ஒளித்தோம் என்பார்கள். அதனால் அடிக்குறிப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். உன் சம்மதம் வேண்டும்:

"கிழக்கு மேட்டின் ஐந்தாம் மாதிரி முதல் பதினேழாம் மாதிரி வரை, சேகரித்தவர் அணிந்திருந்த பிளாட்டின மோதிரத்தால் மாசுபட்டமையால் விலக்கப்பட்டு, அதே இடங்களிலிருந்து மீண்டும் சேகரிக்கப்பட்டன."

அதாவது உன் நிச்சயத்தை உலகத்துக்கு அறிவிக்கப் போவது நம் அடிக்குறிப்புதான். இந்தத் துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் படிப்பார்கள், எத்தனை வருஷம் கழித்தும் படிப்பார்கள். "அச்சுல வர்றதுக்குள்ள கல்யாணத்தை முடிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா சொந்தக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது" என்கிறாள் உன் தங்கை. எந்தச் சொந்தக்காரர் அந்த இதழைப் படிக்கப்போகிறார் என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஜூனில் ரெண்டு பேரும் வாருங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. மோதிரத்தோடு வா, வீட்டில் எங்கே வேண்டுமானாலும் தேய்த்துக்கொள். ஆய்வகத்துப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதே.

குடுவை


மே 5

மாப்பிள்ளை,

உன் புள்ளிகளைப் பார்த்தேன். நிம்மதி. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அடிக்குறிப்பை அவளிடம் படித்துக் காட்டினேன். "மாசுபட்டமையால்" என்ற வார்த்தையை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். வேதியியலில் அதற்கு வேறு வார்த்தை கிடையாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். "சரி, இருக்கட்டும். மறுபடி கல் எடுக்கும்போது வெயில்ல மோதிரத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னது யாருன்னு அதுல காணோமே" என்றாள்.

நியாயம்தானே. அதனால் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஒரு வரி சேர்த்துவிடு. இப்போதைக்கு நில அளவையர் என்று போட்டுக்கொள். அச்சுக்குப் போவதற்கு முன் பிழை திருத்த எனக்கு ஒருமுறை அனுப்புவார்கள் அல்லவா, அப்போது அந்த வார்த்தையை அடித்துவிட்டு என் மனைவி என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

சுத்தியல்